லெகோ கொட்டிக் கிடக்கும் வீட்டுக்கு: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு எங்கள் வீட்டில் அலாரம் தேவையில்லை. பையன் பெட்டியைக் கவிழ்க்கிற சத்தம் போதும். கீழ் வீட்டுக்காரரும் அதில்தான் எழுந்திருப்பார். ஒரே ஒரு சின்னச் சக்கரத்துக்காக நாலு கிலோ லெகோ பிளாக்ஸ், அதாவது ஒன்றோடொன்று மாட்டிக் கட்டுகிற பிளாஸ்டிக் துண்டுகள், தரையில் கிடக்கும். சக்கரம் கிடைத்ததும் அவன் போய்விடுவான். மிச்சத்தை அள்ளுவது எங்கள் வேலை.

மூன்று வருஷம் பையனைத் திட்டிக்கொண்டே அள்ளினேன். கோளாறு பெட்டியில் இருந்திருக்கிறது.

வீட்டில் என்ன தொல்லை தென்படுகிறதோ அதன்படி கீழே எழுதியிருக்கிறேன். உங்கள் தொல்லை எதுவோ அங்கே நேரே போகலாம். ஆனால் முதல் மூன்றை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள், மற்ற பலவற்றுக்கும் வேர் அங்கேதான் இருக்கிறது. சொற்களில் ஒரு விளக்கம்: மேலே புடைத்துக்கொண்டிருக்கும் வட்டத்தைக் குமிழ் என்கிறேன். உயரமான துண்டு பிளாக், மெல்லிய துண்டு தட்டை. லெகோ என்று எழுதினாலும், அதே அளவில் வரும் மற்ற கம்பெனி பிளாக்ஸுக்கும் பெரும்பாலும் இதே வைத்தியம்தான்.

1. ஒரு துண்டைத் தேட முழுப் பெட்டியும் தரையில் கொட்டப்படுகிறது

முதலில் ஒரு சோதனை. பெட்டிக்குள் கையை விட்டு அடியைத் தொடுங்கள். மணிக்கட்டு துண்டுகளுக்குள் மறைந்துவிட்டால் பெட்டி ஆழம் அதிகம். வேறு எதையும் மாற்றுவதற்கு முன் அதை மாற்றுங்கள்.

மிக்சர் டப்பாவை நினைத்துப் பாருங்கள். நாலு முறை குலுக்கினால் வேர்க்கடலை மேலே நிற்கும், தூள் எல்லாம் அடிக்குப் போய்விடும். பெரிய துண்டுகளுக்கு நடுவில் உள்ள சந்து வழியாகச் சின்னவை இறங்கிக்கொண்டே இருக்கும். பிளாக்ஸ் பெட்டியும் அப்படித்தான். ஒவ்வொரு தடவை இழுத்து வைக்கும்போதும் குலுங்குகிறது, ஒற்றைக் குமிழ்த் துண்டும் விளக்குத் துண்டும் பொம்மை ஆளின் கையும் அடியில் போய்ச் சேர்கின்றன. பிள்ளைகள் தேடுவதும் பெரும்பாலும் அதைத்தான். அடியில் இருப்பதை எடுக்க அவன் கண்ட சுலபமான வழி கவிழ்ப்பது. அவன் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்வேன்.

எனக்கு இதைப் புரியவைத்தது ஊரிலிருந்து வந்திருந்த என் அம்மா. நானும் பையனும் பக்கெட்டுக்குள் தலையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்ததைப் பார்த்து, “டேய், கல்லு பொறுக்க யாராவது குண்டானுக்குள்ள கைய விடுவாங்களா? முறத்துல கொட்டிப் பரப்புடா” என்றார். சமையலறையிலிருந்து மூங்கில் முறத்தை எடுத்து வந்து, இரண்டு கை பிளாக்ஸை அள்ளிப் போட்டு, உள்ளங்கையால் மெதுவாக ஒரு தள்ளு தள்ளினார். துண்டுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் விரிந்துகொண்டன. நாங்கள் கால் மணி நேரம் தேடிய பச்சைக் கண்ணாடித் துண்டு மூன்றாவது தள்ளில் வந்துவிட்டது. அரிசியில் கல் பொறுக்கிய கண் அது.

சரி, தினமும் முறம் கட்டுப்படியாகாது. முறத்தைப் போன்ற பெட்டி வேண்டும்: அகலம் நிறைய, ஆழம் குறைவு. கணக்கைப் பாருங்கள். 20 லிட்டர் பக்கெட் நிறைய இருக்கும் பிளாக்ஸை 60 சென்டிமீட்டர் நீளம், 40 சென்டிமீட்டர் அகலம் உள்ள பெட்டியில் கொட்டினால் உயரம் எட்டரை சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும். கையை வைத்தால் விரல்கள் மட்டும்தான் மறையும். கட்டிலுக்கு அடியில் தள்ளுகிற மாதிரி தட்டையான மூடிப் பெட்டிகள் பிளாஸ்டிக் கடைகளில் கிடைக்கின்றன. நாங்கள் அதுகூட வாங்கவில்லை. கழித்துப் போட்ட மேசையின் டிராயரை எடுத்து, ஹார்டுவேர் கடையில் நாலு சின்னச் சக்கரம் வாங்கி அடியில் திருகிவிட்டோம். பாப்பா பிறக்கும் வரை, கட்டிலுக்கு அடியிலிருந்து அவனே இழுத்துக்கொண்டான்.

கொட்டுகிற பழக்கம் ஒரே நாளில் போகாது. அதுவரை தரையில் ஒரு வேட்டியை விரித்து அதன்மேல் கொட்டச் சொல்லுங்கள். ஆட்டம் முடிந்ததும் நாலு முனையையும் சேர்த்துத் தூக்கினால் மூட்டை, அப்படியே பெட்டிக்குள் சரிக்கலாம். எட்டு முழம் வேண்டாம், நாலு முழம் போதும். வெள்ளை வேட்டியில் வெள்ளைத் துண்டு கண்ணில் படாதே என்று நான் லுங்கியை விரித்துப் பார்த்தேன். கட்டம் போட்ட லுங்கியில் எந்த நிறமுமே கண்ணில் படவில்லை. வெளிர் நிறத்தில் கோடு, பூ எதுவும் இல்லாத பழைய பெட்ஷீட்தான் சரியாக வந்தது.

2. நிறவாரியாகப் பிரித்து வைத்தாயிற்று. ஆனாலும் கேட்டது கிடைப்பதில்லை

நிறம் பிரித்து வைத்த டப்பாக்கள் பார்க்க அழகு, போட்டோவுக்கும் எடுப்பு. உள்ளே தேடிப் பாருங்கள், அப்போது தெரியும். சிவப்பு டப்பாவுக்குள் எல்லாமே சிவப்பு. சிவப்புப் பிளாக்குக்கு மேல் கிடக்கும் சிவப்புத் தட்டை கண்ணுக்குத் தனியாகத் தெரியாது. அதுவே, பல நிறத் தட்டைகள் கிடக்கும் டப்பாவில் சிவப்பு மட்டும் தானாக எழுந்து நிற்கும். நிறத்தைக் கண் பார்த்துக்கொள்ளும். உருவத்தைத்தான் நாம் பிரித்துக் கொடுக்க வேண்டும்.

சந்தேகம் இருந்தால் வீட்டிலேயே சோதித்துவிடலாம். ஒரு தட்டில் சிவப்புத் துண்டுகளாக நூறு போட்டு, இரட்டைக் குமிழ்த் தட்டை ஒன்றை எடுக்கச் சொல்லுங்கள். இன்னொரு தட்டில் பல நிறத்து இரட்டைக் குமிழ்த் தட்டைகளாகப் போட்டு, சிவப்பை எடுக்கச் சொல்லுங்கள். எங்கள் பையன் முதல் தட்டில் பொறுமை இழந்து எழுந்துவிட்டான். இரண்டாவதில் நான் ‘ஒன்று’ என்று எண்ணுவதற்குள் எடுத்துவிட்டான்.

எந்த உருவங்களாகப் பிரிப்பது? கம்பெனிப் பட்டியல் எதையும் பார்க்க வேண்டாம். இரண்டு நாள் பிள்ளை வாயைக் கவனியுங்கள். “சக்கரம் எங்கே”, “ஆளோட தொப்பி எங்கே”, “ஜன்னல் எங்கே” என்று எதைக் கேட்கிறானோ அதுதான் பிரிவு. எங்கள் வீட்டில் வந்தவை இவ்வளவுதான்: சக்கரமும் அச்சும், ஆட்களும் அவர்கள் சாமான்களும், கதவு ஜன்னல் கண்ணாடி, தட்டைகள், பிளாக்ஸ், மிச்சம். பக்கத்து பிளாட்டில் ஒரு பெண் குழந்தை “கூரை எங்கே” என்றுதான் கேட்பாள். அந்த வீட்டில் சரிவான துண்டுகளுக்குத் தனி டப்பா வைத்தார்கள். எங்கள் வீட்டில் அது மிச்சத்தில் கிடக்கிறது.

பிரிக்கிற வேலையை ஒரே நாளில் முடிக்கப் பார்க்காதீர்கள். சமையலறைத் தராசில் ஒரு கிலோ நிறுத்து எடுத்துக்கொள்ளுங்கள். எட்டுக் குமிழ் பிளாக் ஒன்று சுமார் 2.3 கிராம். அது மட்டுமே இருந்தால் கிலோவுக்கு 430 துண்டு, சின்னவை கலந்திருந்தால் இன்னும் அதிகம். ஒரு சாயங்காலத்துக்கு அது போதும். முதலில் கையில் பெரிதாகத் தட்டுப்படுவதையெல்லாம் பொறுக்கி ஓரம் வையுங்கள்: அடித்தட்டு, சக்கரம், வண்டியின் உடல். மீதியைக் கண் வைத்த பிளாஸ்டிக் காய்கறிக் கூடையில் போட்டு, வேட்டிக்கு மேலே பிடித்துச் சலியுங்கள். பொடித் துண்டுகள் தானாகக் கீழே விழும். கூடையில் நிற்பதைப் பிளாக், தட்டை என்று பிரிப்பது அரை மணி வேலை. டிவி ஓடிக்கொண்டிருக்கலாம், கைக்குப் பழகிவிடும்.

பொடித் துண்டுகளுக்கு எங்கள் பழைய எவர்சில்வர் அஞ்சறைப்பெட்டியை எடுத்தேன். கிண்ணங்கள் தனித்தனியாகக் கையில் வருவதால் பிள்ளைகளுக்கு வசதி. ஆனால் மஞ்சள்தூள் இருந்த கிண்ணத்தை என்னதான் தேய்த்தாலும் ஓரத்தில் கொஞ்சம் ஒளிந்திருக்கும். பொம்மை ஆட்களின் வெள்ளைத் தலைக்கவசம் இரண்டு இன்றும் காமாலை வந்த மாதிரி இருக்கின்றன.

நிறவாரியாகப் பிரிப்பது முழுத் தப்பும் இல்லை. சாதாரணப் பிளாக்ஸ் மட்டும் ஒரு பெட்டி தாண்டி இருந்தால் அந்தப் பிளாக்ஸை மட்டும் நிறம் பார்த்துப் பிரிக்கலாம். கோலம் மாதிரி படம் அடுக்குகிற பிள்ளைக்கும் நிறம்தான் முக்கியம்.

3. பிரித்து வைத்த இரண்டே நாளில் எல்லாம் கலந்துவிடுகிறது

டப்பாக்களை எண்ணுங்கள். எட்டு வயதுப் பிள்ளைக்குப் பத்துக்கு மேல் இருந்தால் காரணம் அதுதான்.

இது நானே செய்த தப்பு. ஹார்டுவேர் கடையில் ஸ்க்ரூ, நட்டு போட்டு வைக்கும் 24 தடுப்புப் பெட்டி ஒன்று வாங்கி, ஒவ்வொரு தடுப்புக்கும் பேர் எழுதி ஒட்டி, இரண்டு சனிக்கிழமை உட்கார்ந்து நிரப்பினேன். மனைவி பார்த்துவிட்டு, “மெடிக்கல் ஷாப் மாதிரி இருக்கு” என்றாள். பையன் ஒரு வாரம் அதைத் தொடவே இல்லை. கலைத்துவிட்டால் அப்பா திட்டுவாரோ என்ற பயம். எட்டாம் நாள் கூட்டாளி ஒருவன் வந்தான், 24 தடுப்பும் ஒரே குவியலாயிற்று. எடுக்கும்போது பார்த்து எடுப்பதில் சிரமம் இல்லை. திருப்பிப் போடும்போது ஒவ்வொரு துண்டுக்கும் ‘இது எங்கே’ என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. விளையாடிக் களைத்த பிள்ளையால் அந்த யோசனை முடியாது. பெரியவர்களாலும் முடியாது.

எங்கள் வீட்டுக் கணக்கு, பிள்ளையின் வயதில் பாதி டப்பா. நாலு வயதுக்கு இரண்டு, பத்து வயதுக்கு ஐந்து. பையனுக்கு இப்போது எட்டு, மேலே சொன்ன ஆறில் கதவையும் தட்டையையும் மற்றவற்றோடு சேர்த்து நாலாக்கினோம். நின்றுவிட்டது. அவனாகவே “இதுக்குத் தனி டப்பா வேணும்” என்று கேட்கும்போது ஒன்று கூட்டுங்கள்.

டப்பாக்களின் மூடியை எடுத்து பரணில் போட்டுவிடுங்கள். மூடி இருக்கிற டப்பாவுக்குள் பிள்ளை எதையும் திருப்பிப் போட்டதை நான் பார்த்ததில்லை, மூடிக்கு மேலேதான் வைப்பான். பேர் எழுதி ஒட்டுவதற்குப் பதில் அந்த வகைத் துண்டு ஒன்றையே டப்பா முகப்பில் இருபக்க டேப்பால் ஒட்டுங்கள். படிக்கத் தெரியாத தம்பி தங்கைக்கும் புரியும்.

அப்புறம், தரைக்கு என்று ஒரு டப்பா. எங்கள் வீட்டுக்கு வேலைக்கு வரும் அக்கா, பெருக்கும்போது கிடைக்கிற துண்டுகளை ஜன்னல் திட்டில், டிவிக்குப் பக்கத்தில், சாமி அலமாரியில்கூட வைத்துவிட்டுப் போவார். எங்கே போடுவது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. வாசல் செருப்பு ஸ்டாண்டுக்கு மேல் ஒரு ஐஸ்கிரீம் டப்பா வைத்து, “அக்கா, தரையில் எது கிடந்தாலும் இதில் போடுங்க, பிரிக்க வேண்டாம்” என்றோம். வாரம் ஒரு நாள் அதைப் பையன் பிரிக்கிறான். முதல் வாரத்தில் அதிலிருந்து பதினேழு துண்டும் ஒரு சட்டைப் பொத்தானும் என் பைக்கின் உதிரிச் சாவியும் வந்தன.

எடுத்து வைக்கச் சொன்னால் அழுகிறானா? அனேகமாகப் பாதி கட்டிய ஏதோ ஒன்று கையில் இருக்கும். அதைக் கலைக்கச் சொல்லாதீர்கள். ஒரு பெரிய தாம்பாளம் அல்லது டிரேயை ‘வேலை நடக்கிற தட்டு’ என்று ஒதுக்கிவிடுங்கள். கட்டிக்கொண்டிருப்பதும் அதற்காகப் பொறுக்கி வைத்த துண்டுகளும் அப்படியே அலமாரிக்கு மேல் ஏறும். மற்றதை எடுத்து வைக்க அவனுக்கு மனத்தடை இருக்காது.

4. செட்டில் ஒரே ஒரு துண்டு காணவில்லை, வேலை பாதியில் நிற்கிறது

காணாமல் போனதாக முடிவு கட்டுவதற்கு முன் இந்த வரிசையில் பாருங்கள்.

முதலில் கட்டியதையே பாருங்கள். மெல்லிய தட்டையின் உயரம் 3.2 மில்லிமீட்டர், பிளாக்கின் உயரம் 9.6. அதாவது மூன்று தட்டை ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்தால் அச்சு அசலாக ஒரு பிளாக். ஒரே நிறமாக இருந்தால் பக்கவாட்டில் மயிரிழை போல ஓடும் இரண்டு கோட்டைப் பார்த்தால்தான் தெரியும். ஒரு தட்டைக்குப் பதில் இரண்டு ஒட்டிக்கொண்டு போயிருப்பதும் அடிக்கடி நடக்கும். வழிமுறைப் புத்தகத்தில் பத்துப் படி பின்னால் போய் ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். எங்கள் வீட்டில் ‘காணாமல் போனவை’ அதிகம் அகப்பட்டது இங்கேதான்.

அடுத்து, விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைத் தரையோடு தரையாகப் படுக்க வைத்து அடியுங்கள். மொசைக் தரையில் கலந்து கிடக்கும் கண்ணாடித் துண்டுகூட நீளமாக நிழல் போடும். பீரோவுக்கு அடியில் தென்னந்துடைப்பத்தை விட்டு ஒரு இழுப்பு. வாக்குவம் கிளீனர் இருந்தால் குழாய் வாயில் பழைய சாக்ஸை மாட்டி ரப்பர் பேண்ட் போட்டு உறிஞ்சுங்கள், துண்டு சாக்ஸில் ஒட்டி நிற்கும். பிறகு சோபா மெத்தை இடுக்கு, ஸ்கூல் பை, கால்சட்டைப் பை. வாஷிங் மெஷினின் ரப்பர் மடிப்பையும் விடாதீர்கள்.

கிடைக்கவே இல்லையா? லெகோவாக இருந்தால் துண்டின் உட்பக்கம் பொடி எழுத்தில் ஒரு எண் இருக்கும். எட்டுக் குமிழ் பிளாக்கில் 3001, நாலு குமிழ் சதுரத்தில் 3003. அதே மாதிரி இன்னொரு துண்டை எடுத்து எண்ணைப் பார்த்துக்கொண்டால், அந்த எண்ணையும் நிறத்தையும் சொல்லி ஒற்றைத் துண்டாக ஆன்லைனில் வாங்க முடியும். வழிமுறைப் புத்தகமே தொலைந்திருந்தால் கவலை வேண்டாம். பெட்டியில் உள்ள செட் எண்ணைக் கொடுத்துக் கம்பெனித் தளத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். அதனால் செட் எண்ணை மட்டும் பெட்டியிலிருந்து வெட்டி எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். அட்டைப் பெட்டிகளைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடலாம், அவற்றைச் சேர்த்து வைத்துத்தான் எங்கள் பரண் நிறைந்தது.

5. இரண்டு துண்டு ஒட்டிக்கொண்டு பிரியவில்லை

பல்லை வைக்காதீர்கள். பிள்ளை வைப்பதையும் நிறுத்துங்கள். பல்லுக்கும் கெடுதல், துண்டின் விளிம்பும் நசுங்கிப் பிறகு சரியாகப் பொருந்தாது. கத்தி, ஸ்க்ரூடிரைவரும் வேண்டாம்.

செட்டுகளில் ஆரஞ்சு நிறத்தில் நெம்புகோல் மாதிரி ஒன்று வரும். அது விளையாட்டுத் துண்டு என்று நினைத்துக் கலந்துவிடுவோம். பிரிப்பதற்கான கருவி அதுதான். ஒரு நூலில் கட்டிப் பெட்டியோடு தொங்கவிடுங்கள். அது இல்லையென்றால், ஒட்டிக்கொண்ட இரண்டு தட்டைக்கு மேலே நீளமான பிளாக் ஒன்றை மாட்டுங்கள், கீழே இன்னொன்றை மாட்டுங்கள். இப்போது பிடிக்க இடம் கிடைத்துவிட்டது, இரண்டையும் எதிரெதிராக நெம்பினால் விட்டுவிடும்.

6. சில துண்டு தொளதொளவென்று கழல்கிறது, சில அமுக்கினாலும் இறங்கவில்லை

பல கம்பெனித் துண்டுகள் கலந்திருக்கின்றன. குமிழைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் பாருங்கள். லெகோ என்றால் ஒவ்வொரு குமிழின் தலையிலும் பேர் பொறித்திருக்கும். பிளாக்கின் உட்பக்கம் குழாய் வைத்த லெகோ அமைப்புக்கு டென்மார்க்கில் காப்புரிமை கோரிய நாள் 1958 ஜனவரி 28. அந்த வருஷத்துப் பிளாக் இன்றைய பிளாக்கோடும் பொருந்துகிறது என்றால், மில்லிமீட்டரில் சின்ன பின்னத்தைக்கூட அவர்கள் மாற்றவில்லை என்று அர்த்தம். மலிவு பிளாக்ஸில் சில நன்றாகவே பொருந்தும், சில பொருந்தாது. கண்ணால் சொல்ல முடியாது, மாட்டிப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

எல்லாவற்றையும் பிரிக்க உட்காராதீர்கள். தொந்தரவு கொடுக்கிற துண்டு கையில் சிக்கும்போதெல்லாம் ஒரு தனி டப்பாவில் போட்டுக்கொண்டே வாருங்கள். இரண்டு மாதத்தில் தானாகப் பிரிந்துவிடும். அந்த டப்பா வீண் இல்லை. மண்ணில் விளையாட, ரயில் பயணத்துக்கு, தொலைந்தாலும் மனம் வலிக்காத இடத்துக்கெல்லாம் அதுதான் போகும்.

7. பிசுபிசுப்பு, தூசி, மக்கிய வாடை, எறும்பு

எறும்பு வந்தால் காரணம் முறுக்குக் கை, வேறில்லை. கழுவ வேண்டியதுதான்.

சுடுதண்ணீர் வேண்டாம், 40 டிகிரிக்கு உட்பட்ட வெதுவெதுப்பு போதும் என்பது லெகோவின் சொந்த அறிவுரை. கை வைத்தால் இதமாக இருக்க வேண்டும், சுட்டால் அதிகம். பாப்பாவைக் குளிப்பாட்டும் டப்பில் தண்ணீர் பிடித்து, பாத்திரம் கழுவும் திரவம் ஒரு ஸ்பூன் விட்டு, துண்டுகளைக் காய்கறி வலைப்பையில் கட்டி முக்குங்கள். கால் மணி ஊறட்டும். பிறகு பையோடு அலசுங்கள். குமிழ்களுக்கு நடுவில் கறுப்பு படிந்திருந்தால் பழைய டூத் பிரஷ். வாஷிங் மெஷினில் போடக் கூடாது. மோட்டார், பேட்டரிப் பெட்டி, விளக்கு உள்ள துண்டுகளை முன்பே எடுத்துவிடுங்கள், ஸ்டிக்கர் ஒட்டியவற்றைத் தண்ணீரில் போடாமல் ஈரத்துணியால் துடையுங்கள்.

உலர்த்துவதில்தான் பலரும் சறுக்குவது. பிளாக்கைக் குமிழ் மேலாக வைத்தால் உட்பக்கம் தண்ணீர் வடிந்துவிடும் என்று தோன்றும், ஆனால் அடிக்குழாய்க்குள் ஒரு சொட்டு பிடிவாதமாக நிற்கும். டர்க்கி டவலில் கொட்டி, டவலின் இரண்டு முனையைப் பிடித்து ஊஞ்சல் மாதிரி ஆட்டுங்கள். பிறகு பரப்பி ஃபேனுக்குக் கீழே ஒரு இரவும் மறுநாள் பாதியும். நடுவில் ஒருமுறை புரட்டிவிடுங்கள். ஹேர் டிரையர் வேண்டாம், வெயிலும் வேண்டாம். வடகம் காயப்போட்ட மாடியில் நானும் ஒரு சித்திரை மாதம் பேப்பரில் பரப்பினேன். மதியம் அடித்த காற்றில் பேப்பரோடு பாதி பக்கத்து மாடிக்குப் போய்விட்டது. ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கொடுத்த அந்த வீட்டுத் தாத்தா இன்றும் என்னைப் பார்த்தால் சிரிப்பார்.

ஈரம் முழுதாகப் போகாமல் மூடிய பெட்டியில் வைத்தால் சென்னை மாதிரி கடலோர ஊரில் நாலே நாளில் மக்கிய வாடை வரும். சந்தேகமாக இருந்தால் இன்னும் ஒரு நாள் திறந்தே கிடக்கட்டும்.

8. வெள்ளையும் நீலமும் மஞ்சளாகிப் போயின

வெயில்தான். லெகோ 1963 முதல் ஏபிஎஸ் என்ற பிளாஸ்டிக்கில் வருகிறது, புற ஊதாக் கதிர் தொடர்ந்து பட்டால் அது நிறம் மாறும். ஜன்னலோர அலமாரியை மாற்றுங்கள். ஹைட்ரஜன் பெராக்சைடில் ஊறவைத்து வெளுக்க வைக்கிறார்கள், முடியும். கையுறை, கண் பாதுகாப்பு என்று பெரியவர்கள் செய்ய வேண்டிய வேலை அது. பிள்ளை விளையாடும் துண்டுக்கு அவ்வளவு மெனக்கெட வேண்டாம் என்பது என் கட்சி. கோட்டைச் சுவர் கட்ட மஞ்சளித்த வெள்ளை பொருத்தமாகவே இருக்கிறது.

9. ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தால் காலில் குத்துகிறது

எல்லை போடுங்கள். “ஒழுங்காக எடுத்து வை” என்பது பிள்ளைக்கு எல்லை ஆகாது, விரித்த பெட்ஷீட்டின் விளிம்புதான் எல்லை. அதைக் கட்டிலிலிருந்து சமையலறைக்குப் போகும் வழியில் விரிக்காதீர்கள். எங்கள் வீட்டில் நடைவழியில் கிடப்பது மறுநாள் சாயங்காலம் வரை ‘ஜப்தி’. வட்டி கிடையாது.

10. வீட்டில் தவழ்கிற குழந்தையும் இருக்கிறது

இதில் மட்டும் சமரசம் வேண்டாம். பாப்பா பிறந்ததிலிருந்து எங்கள் வீட்டில் சின்னத் துண்டுகள் எல்லாம் சாப்பாட்டு மேசைக்கு மேலேதான், அதுவும் அவள் தூங்கும்போது. டிராயர் கட்டிலுக்கு அடியிலிருந்து பீரோவுக்கு மேல் ஏறியது. பையனுக்கு வருத்தம்தான்.

மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு எது ஆபத்து என்று பார்க்க, பொம்மைப் பரிசோதனைகளில் 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு குழாயைப் பயன்படுத்துகிறார்கள். அதற்குள் முழுதாக அடங்குகிற எதுவும் தொண்டையை அடைக்கக் கூடியது. வீட்டில் டாய்லெட் பேப்பர் ரோலின் அட்டைக் குழாயை வைத்துப் பாருங்கள். அது இன்னும் கொஞ்சம் அகலம் என்பதால் பாதுகாப்புப் பக்கம்தான். சாதாரண லெகோ ஏறக்குறைய எல்லாமே உள்ளே விழும். சின்னக் குழந்தைக்கான டூப்ளோ நீளம், அகலம், உயரம் மூன்றிலும் இரு மடங்கு, விழாது. ஆனால் ஒரு சிக்கல் உண்டு. டூப்ளோவின் மேல் சின்ன பிளாக்கை மாட்ட முடியும், அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். அண்ணன் மாட்டியது பாப்பா பெட்டிக்குப் போய்விடும். டூப்ளோ பெட்டியை இரவில் ஒரு தடவை கைவிட்டுத் துழாவிப் பாருங்கள். மலிவு பிளாக்ஸ் வாங்கும்போது ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள், இந்தியாவில் விற்கும் பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் அது கட்டாயம்.

ஒரு துண்டை விழுங்கிவிட்டால் விரலை விட்டு எடுக்கப் பார்க்காதீர்கள், வாந்தி எடுக்கவும் வைக்காதீர்கள். மூச்சுத் திணறல், இருமல், எச்சில் வடிதல் இருந்தால் உடனே ஆஸ்பத்திரி. அறிகுறி எதுவும் இல்லாவிட்டாலும் மருத்துவரைக் கேட்டுவிடுங்கள். 2018-இல் குழந்தை மருத்துவத் துறையினர் ஆறு பேர் தாங்களே ஆளுக்கொரு லெகோ பொம்மைத் தலையை விழுங்கி, எப்போது வெளியே வருகிறது என்று காத்திருந்து ஆய்வுக் கட்டுரையே எழுதினார்கள். சராசரி 1.71 நாள். விழுங்கியவர்கள் பெரியவர்கள் என்பதை மறக்க வேண்டாம். விளக்கு எரிகிற செட்டில் உள்ள பட்டன் பேட்டரி வேறு கதை. விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகமே போதும், ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் ஓடுங்கள்.

11. கட்டியதைக் கலைக்க மனமில்லை, அலமாரி நிறைந்துவிட்டது

இடத்துக்கு எண்ணிக்கை வையுங்கள். எங்களுக்கு ஒரு பலகை, அதில் ஐந்து. ஆறாவது வந்தால் எது இறங்கும் என்று அவனே முடிவு செய்வான். இறங்குவதை நாலு பக்கமும் மேலேயும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். திரும்பக் கட்ட வேண்டுமென்றால் பிரிக்கும்போதே வீடியோ எடுத்து, அதைப் பின்னாலிருந்து முன்னால் பார்த்தால் கட்டும் முறை கிடைத்துவிடும். கலைத்த துண்டுகளைப் பொதுப் பெட்டியில் கொட்டாமல் ஜிப் கவரில் போட்டு, உள்ளே செட் எண் எழுதிய சீட்டு வையுங்கள்.

கொலு வைக்கிற வீடாக இருந்தால் ஒன்று சொல்கிறேன். போன நவராத்திரிக்குப் பையன் கட்டிய ரயில் நிலையம்தான் எங்கள் கொலுப் படிக்குக் கீழே பார்க்குக்குப் பக்கத்தில் நின்றது. செட்டியார் பொம்மை கடை போட்டது அதன் பிளாட்பாரத்தில். முடிந்ததும் அதைக் கலைக்க அவனுக்கு மனம் வரவில்லை. கொலு பொம்மைகளைச் சுற்றுகிற அதே பழைய வேட்டித் துணியில், கூரையைத் தனியாகக் கழற்றி, மூன்று பாகமாகச் சுற்றி, பொம்மைப் பெட்டியிலேயே மேலாக வைத்தோம். செட்டியாருக்கு அடியில் வைத்தால் நசுங்கிவிடும், அவர் கனம்.